மக்கட் குலங்களின் தூரத்தை அளந்த மஹலனோபிஸ்

கல்கத்தாவுக்கு வடக்கே பராநகரில் ஆம்ரபாலி என்னும் பெயருடைய வீடு ஒன்று உண்டு. பகவான் புத்தருக்குத் தன் மாந்தோப்பை ஈந்த வைசாலி நகரத்துக் கணிகையை அறிந்த நம் வாசகர்கள், அவ்வீட்டில் வாழ்ந்தவர் பாலி மொழிப் பண்டிதர் ஒருவராக இருக்கலாம் என எண்ணக்கூடும். அங்கு வாழ்ந்தவரோ பௌதிகம் பயின்று, புள்ளியியலில் உலகப் புகழ் எய்தி, நம் நாட்டின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திற்கு உருவம் கொடுத்த பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். அத்திட்டத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். ஜாதிக்கும் ஜாதிக்கும், இனத்திற்கும் இனத்திற்கும் உடலளவில் உள்ள வேற்றுமை எவ்வளவு என்று அளக்க அவர் மேற்கொண்ட முயற்சியையே நாம் இங்குக் கூறப் புகுகின்றோம்.

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில், பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த குடும்பமொன்றில் மஹலனோபிஸ் பிறந்தார். பிரஸிடென்ஸி கல்லூரியில் பயின்றபின் 1913இல் இங்கிலாந்து சென்றார். லண்டனில் படிப்பதே அவர் எண்ணம். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கச் சென்றவர் திரும்பும் ரயிலைத் தவறவிட்டு, இரவு நண்பர் ஒருவரிடம் தங்கி, கிங்ஸ் கல்லூரியின் அழகில் ஈடுபட்டு அங்கேயே மாணவராகச் சேர்ந்துவிட்டார். நம் ராமானுஜன் அப்போது அந்நகரில் குளிரால் வருந்திக்கொண்டிருந்தார். படுக்கையில் விரித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் புகுந்து உறங்கவேண்டும் என்று அறியாமல், அவற்றின் மேலேயே படுத்து நடுங்கிய அந்தக் கணித மேதைக்கு அதனைக் காட்டிக் கொடுத்தவர் மஹலனோபிஸே.

1915இல் தேர்வில் முதல் வகுப்புப் பெற்று, விடுமுறைக்காகத் தாயகம் திரும்பப் புறப்பட்டபோது, ஆசிரியர் மெக்காலே ‘பயோமெட்ரிகா’ என்னும் சஞ்சிகையை அவருக்குக் காட்டினார். உயிர்களின் அளவுகளைக் கணிதத்தால் ஆராயும் ஏடு அது. அதன் தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கி, கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். ஊர் திரும்பியவர் பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார். மனமோ புள்ளியியலை விட்டு நீங்கவில்லை.

1920இல் நாகபுரியில் கூடிய விஞ்ஞான மகாநாட்டில், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவர் அன்னண்டேலை அவர் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களுடைய உயரம், தலை, மூக்கு முதலியவற்றை அன்னண்டேல் அளந்து வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து பொருள் காணும் வழி மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. அவ்வெண்களைப் பெற்றுக்கொண்ட மஹலனோபிஸ் 1922இல் முதற் கட்டுரையை வெளியிட்டார்.

அந்நாளில் மூக்கை அளப்பது வெறும் விளையாட்டன்று. 1901ஆம் ஆண்டு மக்கட் கணக்கை நடத்திய ரிஸ்லி, மூக்கு அகல அகல ஜாதியின் படி தாழும் என்று எழுதியிருந்தார். அரசாங்கத்தின் முத்திரை பெற்ற அக்கூற்று, மேலோர் வேறு இனம், கீழோர் வேறு இனம் என்னும் எண்ணத்திற்கு விஞ்ஞானப் போர்வை போர்த்தியது. ஐரோப்பாவிலும் இத்தகைய அளவைகள் அரசியலுக்குப் பயன்பட்டன. புள்ளியியலின் தந்தையருள் ஒருவராகிய காரல் பியர்சனே 1925இல் யூதக் குழந்தைகளை அளந்து அவர்கள் குடியேற்றத்திற்கு எதிராக வாதாடினார். இரு இனங்களின் ஒப்புமையைக் காட்டப் பியர்சன் ஓர் எண்ணை வகுத்திருந்தார். அதில் பெருங்குறை ஒன்று இருந்தது. அளக்கப்பட்டோரின் தொகை பெருகினால், இனங்களுக்கிடையே உள்ள வேற்றுமையும் பெருகியதாக அது காட்டும்! மஹலனோபிஸ் லண்டனில் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் பணிபுரிந்தவர். ஆயினும் ஆசிரியர் என்று தயங்காமல், அக்குறையை எடுத்துக்காட்டி 1930இல் கட்டுரை வெளியிட்டார். 1936இல் தம்முடைய தூர அளவையை முழு உருவில் வகுத்துரைத்தார்.

அவ்வளவையின் உட்கருத்து எளியது. இரண்டு ஊர் ஆடவரின் சராசரி உயரம் 2 சென்டிமீட்டர் வேறுபடுகிறது என்று கொள்வோம். இது பெரிதா, சிறிதா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு விடை கூற இயலாது. ஒவ்வோர் ஊருக்குள்ளும் நெட்டையரும் குட்டையருமாக 20, 25 சென்டிமீட்டர் வேறுபாடு இருக்குமானால், ஊர்களுக்கிடையே உள்ள 2 சென்டிமீட்டர் அற்பமே. ஆகவே உள் வேற்றுமையையே கோலாகக் கொண்டு வெளி வேற்றுமையை அளத்தல் வேண்டும். மேலும், உயரமானவனுக்குக் கையும் நீளமாகவே இருக்கும். இரண்டையும் தனித்தனியே கூட்டினால் ஒரே வேற்றுமையை இருமுறை எண்ணியதாகும். அத்தொடர்பையும் கணக்கிற் கழித்தார் மஹலனோபிஸ். இதுவே இன்றும் உலகெங்கும் அவர் பெயரால் வழங்கும் தூரம்.

கண்ட முடிவு என்ன? 1927இல் வெளிவந்த ஆராய்ச்சியில், வங்கப் பிராமணர் தொலை மாகாணத்துப் பிராமணரைவிடத் தம் அண்டையிலுள்ள வங்க ஜாதியாருக்கே நெருக்கமானவராகக் காணப்பட்டனர். எனினும், ஜாதிப் படியில் கீழே செல்லச் செல்ல அந்நெருக்கம் குறைந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. மானிடவியலார் மஜும்தாருடனும் இளைஞர் சி. ஆர். ராவுடனும் ஐக்கிய மாகாணத்தில் ஆராய்ந்து 1949இல் வெளியிட்ட முடிவுகளிலும் ஜாதிகளுக்கிடையே தூரம் தென்படவே செய்தது. டாக்டர் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில், குர்யே தந்த மூக்களவைகளைக் கொண்டே பிராமணரும் தீண்டப்படாதாரும் ஓரினத்தவர் என வாதிட்டார் என்பதை இங்கு நினைவுகூரலாம். ஒரே அளவுகோலை இரு கட்சியாரும் கையாண்ட காலம் அது.

மஹலனோபிஸிடத்தும் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. ரிஸ்லியின் எண்களிலிருந்த பிழைகளைத் தேடித் திருத்தி 1933இல் வெளியிட்டார். ஆனால் ஜாதி என்னும் பெயரையே ஆராய்ச்சியின் அலகாகக் கொள்வது தகுமா என்று அவர் அவ்வளவாகக் கேட்கவில்லை.

1972 ஜூன் 28 அன்று, எழுபத்தொன்பது வயது நிறைவதற்கு ஒருநாள் முன்பு, அவர் மறைந்தார். அதே ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி லெவோன்டின், இரத்த வகை முதலிய 17 மரபணுக்களை ஆராய்ந்து, மனிதருள் காணப்படும் வேற்றுமையில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கட் கூட்டத்திற்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்றும், பெரிய இனங்களுக்கிடையே உள்ளது 6 சதவீதத்துக்குச் சற்றே மிகுதி என்றும் காட்டினார். ஆதலின் இனப் பாகுபாடு பொருளற்றது என்றார். 2003இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் இதனை மறுத்தார். 85 என்ற எண்ணை அவர் மறுக்கவில்லை. மரபணுக்களைத் தனித்தனியே நோக்காமல் அவற்றின் தொடர்போடு ஒருங்கே நோக்கினால், ஒருவர் எம்மக்களைச் சேர்ந்தவர் என்று வகுத்துவிடலாம் என்பதே அவர் வாதம். பல அளவுகளைத் தொடர்போடு சேர்த்து நோக்கும் வழியை மஹலனோபிஸ் 1936இலேயே வகுத்திருந்தார் அல்லவா! 2002இல் 52 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 1,056 பேரை ஆராய்ந்தபோது இரண்டும் ஒருங்கே மெய்யாயின: வேற்றுமையில் 93 முதல் 95 சதவீதம் கூட்டத்திற்குள்ளேயே இருந்தது, எஞ்சிய சிறு பகுதியைக் கொண்டே கண்டங்களைப் பிரித்தறியவும் முடிந்தது. பிரித்தறிய முடிவதால் உயர்வு தாழ்வு உண்டென்று கொள்வோர், ரிஸ்லியின் மூக்களவைக்கே திரும்புகின்றனர் என்பது நம் கருத்து.

மஹலனோபிஸ் கண்ட ஜாதித் தூரம் எக்காலத்தில் தோன்றியது என்பதற்கும் பின்னர் ஒருவாறு விடை கிட்டிற்று. ஹைதராபாத் ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் கூடி 2013இல் வெளியிட்ட மரபணு ஆராய்ச்சியின்படி, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கள் பெரிதும் கலந்து மணந்தனர். ஒதுங்கி வாழ்வோராகக் கருதப்படும் கூட்டத்தாரிடத்தும் அக்கலப்பின் அடையாளம் உண்டு. தமக்குள்ளேயே மணக்கும் வழக்கம் அதன் பின்னரே வேரூன்றியது.