எஞ்சிய சாலை

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், சுப்பீரியர் ஏரியின் கரையில் தண்டர் பே என்னும் நகரம் அமைந்துள்ளது. அந்நகருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, ஓடும் நிலையில் ஓர் இளைஞரின் வெண்கலச் சிலை நிற்கிறது. சுருண்ட தலைமுடியும் அரைக்கால்சட்டையும் கொண்ட அவ்வுருவத்தின் இடக்கால் மனிதக்கால், வலக்கால் செயற்கைக்கால். அவ்விளைஞர் ஓட்டத்தைத் தொடங்கிய இடம் அதுவன்று. அவர் சென்றடைய விரும்பிய இடமும் அதுவன்று. அவரது ஓட்டம் நின்றுபோன இடமே அதனருகில் உள்ளது. அவர் பெயர் டெர்ரி ஃபாக்ஸ்.

பத்தொன்பதாவது ஆட்டக்காரர்

டெர்ரி ஃபாக்ஸ் 1958ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள் கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்தார். தந்தை ரோலண்டு இருப்புப்பாதைத் துறை ஊழியர், தாய் பெட்டி. நான்கு பிள்ளைகளுள் டெர்ரி இரண்டாமவர். அவரது சிறுவயதிலேயே குடும்பம் மேற்குக் கடற்கரைப் பகுதிக்குக் குடிபெயர்ந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கொக்விட்லம் என்னும் சிற்றூரில் நிலைத்தது.

பள்ளியில் அவருக்குப் பிடித்த விளையாட்டு கூடைப்பந்து. ஆனால், அவரோ குள்ளமானவர். உடற்பயிற்சி ஆசிரியர் அவரது உயரத்தைக் கண்டு, நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஈடுபடுமாறு அறிவுறுத்தினார். டெர்ரிக்கு அதில் விருப்பமில்லை. எனினும், ஆசிரியர்மீது கொண்ட மதிப்பினால் ஓடினார். கூடைப்பந்தையும் விட்டுவிடவில்லை. எட்டாம் வகுப்பில் 19 பேர் கொண்ட அணியில் அவர் பத்தொன்பதாமவராகவே கருதப்பட்டார். அந்தப் பருவம் முழுவதிலும் அவருக்கு ஆடக் கிடைத்தது ஒரே ஒரு நிமிடம். விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தார். பத்தாம் வகுப்பில் அணியின் முதன்மை ஆட்டக்காரர்களுள் ஒருவரானார். இறுதியாண்டில் பள்ளியின் சிறந்த விளையாட்டு வீரர் என்னும் சிறப்பைத் தம் நண்பர் டக் ஆல்வார்டுடன் பகிர்ந்துகொண்டார். பின்னர் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் பயிலச் சேர்ந்தார்.

மருத்துவமனையில் கற்ற கணக்கு

1976ஆம் ஆண்டு நவம்பரில் அவர் ஓட்டிச்சென்ற மகிழுந்து ஒரு சரக்குந்தின் பின்புறத்தில் மோதியது. வலது முழங்காலில் சிறு வலி மட்டுமே எஞ்சியது. ஆட்டப்பருவம் முடியட்டும் என்று அவ்வலியைப் பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் வலி தாங்க இயலாத நிலையில் மருத்துவமனைக்குச் சென்றபோது, எலும்புப் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டது. சில நாள்களிலேயே முழங்காலுக்கு மேலே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அளவில் கால் துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு, உயர்நிலைப் பள்ளியில் அவருக்குக் கூடைப்பந்து கற்பித்த பயிற்றுநர் ஒரு விளையாட்டு இதழைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக்காலுடன் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் டிராம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. காலை இழக்கவிருக்கும் இளைஞரிடம் ஆறுதல் மொழிகளுக்கு மாற்றாக ஓர் ஓட்டக்காரரின் வரலாற்றைக் கொடுத்த அப்பயிற்றுநரின் நுண்ணறிவு வியப்புக்குரியது.

அதன்பின் 16 மாதங்கள் கீமோதெரபி சிகிச்சை நடைபெற்றது. தலைமுடி உதிர்ந்தது. அந்த நோயாளர் கூடத்தில் தம்மினும் இளையோர் வலியால் துடிப்பதையும், சிலர் மறைவதையும் டெர்ரி கண்டார். அங்கே அவர் அறிந்துகொண்ட செய்தி ஒன்று உண்டு. அவர் பிழைப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 50 என மருத்துவர்கள் கணித்தனர். இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு இந்நோய் வந்திருந்தால் அவ்வாய்ப்பு 15 மட்டுமே. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சியே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஆராய்ச்சிக்கோ பணம் வேண்டும். மருத்துவமனையை விட்டு வெளியேறியபோது, நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை ஓடி அப்பணத்தைத் திரட்ட வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியிருந்தது. அதனை அவர் அப்போது பெற்றோரிடம் வெளியிடவில்லை.

இருளில் தொடங்கிய பயிற்சி

சிகிச்சைக் காலத்திலேயே அவர் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்து ஆடலானார். கைகளையும் தோள்களையும் வலுப்படுத்துவதற்காக, உள்ளங்கையில் குருதி கசியும்வரை மேட்டுச் சாலைகளில் நாற்காலியைத் தள்ளிச்செல்வார். அவ்வணி தேசிய அளவில் வெற்றிகளும் பெற்றது.

1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஓட்டப் பயிற்சியைத் தொடங்கினார். முதல்நாள் ஓடியது அரை மைல் தொலைவு. 400 மீட்டர் ஓடுதளத்தை இருமுறை சுற்றி வந்தால் அத்தொலைவு முடிந்துவிடும். தாம் தடுமாறி ஓடுவதைப் பிறர் காண வேண்டாம் என்று இருள் சூழ்ந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அக்காலச் செயற்கைக்கால் நடப்பதற்காகச் செய்யப்பட்டது, ஓடுவதற்காக அன்று. அதன் முழங்கால் மூட்டு மடங்கி மீண்டும் முன்னே வந்து நிமிர்வதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஈட்டுவதற்கு, டெர்ரி தம் இடக்காலால் இருமுறை தத்தி, பின்னரே வலக்காலை ஊன்றினார். ஒரு தத்தலை விட்டுவிட்டால் உடல் நிலத்தில் விழும். அவ்வாறு பலமுறை விழுந்தார். ஒவ்வோர் ஊன்றலின்போதும் வெட்டுண்ட தொடையின் முனை செயற்கைக்காலின் குழிவில் அழுந்தியது. தோல் உரிந்தது, கொப்புளங்கள் உடைந்து குருதி வழிந்தது. இரட்டைப் பாரம் சுமந்த இடக்காலின் நகங்கள் பெயர்ந்தன. நாள்தோறும் ஓடத் தொடங்கிய முதற்பகுதிதான் மிகக் கடினமானது என்றும், ஒரு கட்டத்தைக் கடந்தபின் வலி மழுங்கிவிடும் என்றும் அவர் தம் பட்டறிவால் உணர்ந்தார்.

தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்டினார். உடல் பழகியபின் அடுத்த அளவுக்குச் சென்றார். ஓடிய தொலைவை நாளேட்டில் குறித்துவைத்தார். ஒருமுறை 101 நாள்கள் இடைவிடாமல் ஓடினார்; கிறித்துமசு நாளில் மட்டுமாவது ஓய்வெடுக்குமாறு தாய் வேண்டிக்கொண்டதனால் அன்று ஓடவில்லை. பயிற்சிக்காலத்தில் அவர் ஓடிய மொத்தத் தொலைவு 5,000 கிலோமீட்டருக்கும் மேல்.

1979ஆம் ஆண்டின் கோடை இறுதியில் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடைபெற்ற பந்தயத்தில் அவர் கலந்துகொண்டார். தொலைவு 27 கிலோமீட்டர். முழு மாரத்தானைவிடக் குறைவு. அவருக்கு முன்னால் ஓடியவர் எல்லைக்கோட்டைத் தொட்டுப் பத்து நிமிடங்களுக்குப் பின்னரே டெர்ரி வந்து சேர்ந்தார். கடைசியாக வந்த அவருக்காகப் பிற ஓட்டக்காரர்கள் காத்திருந்து, கண்ணீர் மல்கக் கைதட்டினர்.

வீடு திரும்பியபின்னரே தம் உண்மையான திட்டத்தைப் பெற்றோரிடம் கூறினார். ஏதோ ஒரு மாரத்தானுக்காக மகன் பயிற்சி செய்வதாக எண்ணியிருந்த தாய் சினங்கொண்டார். இது பித்துக்குளித்தனம் என்று கடிந்தார். மகனின் பிடிவாதத்தை நன்கறிந்த தந்தை, எப்போது புறப்படுவதாக உத்தேசம் என்று மட்டுமே கேட்டார்.

அவ்வாண்டு அக்டோபரில் கனடியப் புற்றுநோய்க் கழகத்துக்கு டெர்ரி கடிதம் எழுதினார். கழகத்தார் ஐயத்துடனேயே ஒப்புதல் அளித்தனர். மருத்துவச் சோதனையில் அவரது இதயம் சற்றுப் பெருத்திருப்பது தெரியவந்தது. தொல்லை தோன்றினால் ஓட்டத்தை நிறுத்திவிடுவதாக உறுதியளித்த பின்னரே இசைவு கிடைத்தது. ஊர்தி, எரிபொருள், காலணி ஆகியவற்றை நிறுவனங்கள் சில வழங்கின. தங்கள் பொருள்களுக்கு அவர் விளம்பரம் செய்ய வேண்டும் என்று கேட்ட நிறுவனங்களின் உதவியை அவர் ஏற்கவில்லை. இவ்வோட்டத்தால் தமக்கு ஒரு காசும் சேரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

நம்பிக்கை மாரத்தான்

1980 ஏப்ரல் 12ஆம் நாள், நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடல்நீரில் தம் செயற்கைக்காலை நனைத்து டெர்ரி ஓடத் தொடங்கினார். இரு புட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டார். ஒன்றைப் பசிபிக் கடலில் ஊற்றுவது அவர் எண்ணம். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். நாளொன்றுக்கு ஒரு மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர், என்பது அவர் வகுத்த கணக்கு. அரை மைலுக்கு இருமுறை சுற்றிய அதே ஓடுதளத்தை இப்போது நாள்தோறும் 105 முறை சுற்றுவதற்கு இது நிகர்.

தொடக்க நாள்களில் சூறைக்காற்றும் பனிப்பொழிவுமே அவரை எதிர்கொண்டன. பல ஊர்களில் அவர் வருவதே எவருக்கும் தெரியவில்லை. 10,000 பேர் வாழும் போர்ட் ஓ பாஸ்க் என்னும் ஊர் மட்டும் 10,000 டாலருக்கு மேல் திரட்டித் தந்தது. நாட்டு மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்னும் இலக்கைப் பின்னாளில் அவர் கொண்டார்.

ஊர்தியை ஓட்டிவந்த டக் ஆல்வார்டுக்கும் அவருக்கும் அடிக்கடி பூசல் மூண்டது. ஒரு கட்டத்தில் இருவரும் பேசிக்கொள்வதே அரிதாயிற்று. தம்பி டேரல் வந்து சேர்ந்து இருவருக்கும் இடையே பாலமானார். டெர்ரி எளிதில் சினங்கொள்பவர். வலி அச்சினத்தை வளர்த்தது. உரிய காலத்தில் மருத்துவச் சோதனைக்குச் செல்ல மறுத்தார் என்பதும் உண்மை. அவரைப் போற்றுவோர் இதனை மறைக்க வேண்டியதில்லை. ஊக்கத்துக்கும் பிடிவாதத்துக்கும் இடையே உள்ள எல்லையை அவர் எப்போதும் அறிந்திருந்தார் என்று கூறவியலாது.

ஒன்டாரியோ மாகாணத்தை அடைந்தபின் நிலைமை மாறியது. சாலையின் இருமருங்கிலும் மக்கள் திரண்டனர். தலைநகர் ஒட்டாவாவில் பிரதமர் வரவேற்றார். டொரன்டோவில் 10,000 பேர் கூடினர். அந்த ஒரே நாளில் ஒரு இலட்சம் டாலர் சேர்ந்தது. ஒரு விடுதிக் குழுமத்தின் நிறுவனரான இசடோர் ஷார்ப், தம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் மைலுக்கு 2 டாலர் வழங்க முன்வந்ததோடு, பிற நிறுவனங்களையும் அவ்வாறே வழங்குமாறு வேண்டினார்.

1980 செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகருக்கு அருகில் ஓடிக்கொண்டிருந்தபோது கடும் இருமலும் நெஞ்சுவலியும் டெர்ரியைத் தாக்கின. சாலையோரம் மக்கள் நின்று ஊக்கமூட்டிக்கொண்டிருந்தனர். அவர்கள்முன் நிற்க மனமின்றி மேலும் ஓடினார். மக்கள் எவரும் இல்லாத இடம் வந்தபின் ஊர்தியில் ஏறி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு நண்பரிடம் கூறினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அதுவரை 143 நாள்களில் அவர் ஓடியிருந்த தொலைவு 5,373 கிலோமீட்டர். திரட்டிய தொகை 17 இலட்சம் டாலர்.

அடுத்த வாரமே தொலைக்காட்சி நிறுவனமொன்று நடத்திய நிகழ்ச்சியின் வாயிலாக ஒரு கோடி டாலருக்கு மேல் குவிந்தது. 1981 பிப்ரவரியில் மொத்தத் தொகை 2 கோடியே 41 இலட்சம் டாலரைக் கடந்தது. கனடாவின் அன்றைய மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுவே. தம் இலக்கு நிறைவேறியதை டெர்ரி அறிந்தார். 1981 சூன் 28ஆம் நாள், இருபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் காலமானார்.

அவ்வாண்டு செப்டம்பரில் அவர் பெயரால் நடைபெற்ற முதல் ஓட்டத்தில் 3 இலட்சம் பேர் கலந்துகொண்டனர். 35 இலட்சம் டாலர் சேர்ந்தது. அன்று முதல் பல நாடுகளில் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் நடைபெற்று வருகிறது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் அது நடைபெற்றுள்ளது. ஓடலாம், நடக்கலாம், மிதிவண்டியிலோ சக்கர நாற்காலியிலோ வரலாம். பரிசு கிடையாது, பந்தயமும் கிடையாது. முதலில் வந்தவர் யார், கடைசியில் வந்தவர் யார் என்று அங்கே எவரும் குறித்துக்கொள்வதில்லை.