கல்லடி உப்போடையில் ஓர் ஆசிரியர்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சுவாமி விபுலாநந்தரின் பெயரை அறியாதார் இலர். ஆண்டுதோறும் யூலை 19 ஆம் திகதி அவரது சிலைகளுக்கு மாலை சூட்டுகிறோம். முத்தமிழ் வித்தகர் என்று மேடைகளில் விளிக்கிறோம். யாழ்நூலின் பெருமையைப் பேசுகிறோம். அந்நூலைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு விடயம். ஆனால், ஐம்பத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்த அப்பெரியார் தமது உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டது பாடசாலைகளுக்காக என்பதை நாம் மெல்ல மறந்து வருகிறோம். அவரை ஓர் ஆசிரியராகவே இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

1892 மார்ச் 27 இல் காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் புதல்வராகப் பிறந்தவர் மயில்வாகனன். காரைதீவின் வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். ஒரே கடல், ஒரே வயல்வெளி, ஒரே பேச்சு வழக்கு. தாய்வழியில் குடி எண்ணும் மரபுகூட இரு சமூகத்தாருக்கும் பொதுவானது. இந்த அயலில் வளர்ந்த சிறுவன் ஆங்கிலம் கற்கக் கல்முனையின் மெதடிஸ்த மிஷன் பாடசாலைக்குச் சென்றான். பின்னர் மட்டக்களப்பு நகரில் இயேசு சபைத் துறவியர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் சேர்ந்தான். 1908 இல், பதினாறாவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினான். சைவக் குடும்பத்துப் பிள்ளையைக் கிறிஸ்தவப் பாடசாலைகளே ஆளாக்கின. அந்நாளில் ஆங்கிலக் கல்விக்கு இப்பகுதியில் வேறு வழி அரிது. இந்த உண்மை பிற்காலத்தில் அவரது சிந்தனையை விட்டு அகலவில்லை என்றே தோன்றுகிறது.

கற்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். கொழும்பு ஆங்கில ஆசிரியர் கலாசாலையில் 1912 இல் பயிற்சி முடித்தார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் தேறிய முதல் இலங்கையர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தை 1920 இல் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பண்டிதராகவும் ஒருங்கே விளங்கியோர் அக்காலத்தில் மிகச் சிலரே. வசதியான வாழ்வு அவர் வாசலில் நின்றது.

அதனைத் துறந்து 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 சித்திராப் பௌர்ணமியன்று சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். (இந்தச் சிவானந்தர் இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடர். ரிஷிகேசத்துச் சிவானந்தர் வேறு. நம்மவர் பலர் இருவரையும் குழப்பிக்கொள்வதுண்டு.)

துறவியாக அவர் 1925 இல் நாடு திரும்பியதும் ஏற்ற பணி பாடசாலைப் பரிபாலனம். யாழ்ப்பாணத்து வைத்தீஸ்வர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி, கிழக்கின் கிராமப் பள்ளிகள் என இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகள் அவரது பொறுப்பில் வந்தன. நன்கொடை திரட்டுவதும், ஆசிரியரைத் தேடுவதும், கட்டடம் எழுப்புவதும், கல்வித் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதுவதும் கவிஞர் ஒருவருக்கு உவப்பான அலுவல்கள் அல்ல. அவர் சலிக்காமல் செய்தார்.

அவற்றுள் தலையாயது கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலயம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலம் அது. 1924 இல் அமைந்த கல்லடிப் பாலம் அக்கரையை நகரத்தோடு இணைத்திருந்தது. 1929 இல் குருவின் பெயரால் அங்கே பாடசாலையைத் திறந்தார். ஆங்கிலமும் விஞ்ஞானமும் நகரத்து வசதி படைத்தோரின் உடைமையாக இருந்த நாளில், எழுவான்கரை, படுவான்கரைக் கிராமங்களின் வறிய பிள்ளைகளும் அவற்றைத் தம் பண்பாட்டை விடாமலே கற்க வேண்டும் என்பதே நோக்கம். இங்கே படித்து வெளியேறியோர் பின்னாளில் எத்தனையோ கிராமப் பள்ளிகளில் ஆசிரியராயினர்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தனது முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரை அழைத்தது. அங்கும் விரிவுரை மண்டபத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதிக்குச் சென்று அவர்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். சாதியாசாரம் மிகுந்திருந்த சிதம்பரத்தில், 1930களின் தொடக்கத்தில், காவியுடுத்த பேராசிரியர் ஒருவர் இதைச் செய்தார் என்பதை இன்றைய வாசகர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரசாயனத்தையும் பௌதிகத்தையும் தமிழிலே கற்பிக்கலாம் என்ற நம்பிக்கை அந்தப் பணியின் அடியில் இருந்தது.

முஸ்லிம் வாசகர்கள் குறிப்பாக அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சி 1942 க்கு உரியது. யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய ஆண்டு அது. உணவு உற்பத்தியைப் பெருக்கக் கல்முனையில் அவசரக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டு, இலங்கை சிவில் சேவையின் முதல் முஸ்லிம் அதிகாரியான ஏ. எம். ஏ. அசீஸ் உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர் கிழக்கின் முஸ்லிம் விவசாயிகளின் வறுமையையும், அவர்தம் பிள்ளைகளின் கல்வி நிலையையும் அங்கேதான் நேரில் கண்டார். விபுலாநந்த அடிகளையும் அங்கேதான் அறிந்தார். ஒரு துறவி கிராமத்துக்குக் கிராமம் பள்ளி அமைத்துத் தம் மக்களை உயர்த்திய வகை அசீஸ் அவர்களின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்தது. 1948 இல் சிவில் சேவையை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபர் பதவியை ஏற்ற அசீஸ், 1961 வரை அதனை நடத்தினார். அந்த நிதியால் பல்கலைக்கழகம் சென்ற ஏழை முஸ்லிம் மாணவரின் வாழ்வில் காரைதீவுத் துறவிக்கும் ஒரு பங்குண்டு என்று கூறுவது மிகையாகாது.

இந்த உறவை அடுத்த தலைமுறைகள் காக்கவில்லை. 1985 ஏப்ரலில் காரைதீவு தீக்கிரையானது. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் இரத்தம் சிந்தியது. காத்தான்குடி, சிவானந்த வித்தியாலயத்திலிருந்து நடந்து செல்லும் தூரம். வந்தாறுமூலையின் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர் தொடர்ந்து கற்க இயலாத நிலையில், 1995 இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாயிற்று. ஒரே கரையோரத்தின் பிள்ளைகள் தனித்தனியே கற்கும் வழக்கம் இன்று நமக்கு இயல்பாகவே தோன்றுகிறது. அதிலுள்ள இழப்பை இரு சமூகத்துக் கல்விமான்களும் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது நமது கருத்து.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார் அடிகள். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனான யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவுடன் 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அரங்கேறியது. நோயால் உடல் தளர்ந்திருந்த நிலையிலும் அவர் அங்கு சென்றிருந்தார். ஆறு வாரங்கள் கழித்து, யூலை 19 இல், கொழும்பில் அவர் ஆவி பிரிந்தது.

பூதவுடலை மட்டக்களப்புக்குக் கொண்டு வந்தனர். 1960 ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியே மிஷன் பாடசாலைகள் அரசுடைமையாயின. சிவானந்த வித்தியாலயமும் மிஷனின் கையை விட்டுச் சென்று, பின்னாளில் தேசிய பாடசாலையாயிற்று. அடிகளின் சமாதி மட்டும் அவர் அமைத்த பாடசாலையின் முன்றலில், மர நிழலில், அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது.