மீண்டும் மீண்டும் நிகழும் வினைகள்

எட்வர்டு சபீர் 1884ஆம் ஆண்டு, அந்நாளில் பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த லாவன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவிற்குச் சென்று, நியூயார்க் நகரில் எளிய யூதக் குடும்பத்துப் பிள்ளையாக வளர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய மொழிகளைப் பயின்றுகொண்டிருந்த அவரை, எழுத்து வடிவம் பெறாத பழங்குடி மொழிகளின்பால் திருப்பியவர் மானிடவியல் பேராசிரியர் பிரான்ஸ் போவாஸ்.

1906ஆம் ஆண்டுக் கோடையில், தம் 22ஆம் அகவையில், சபீர் ஓரிகன் மாநிலத்தின் சிலெட்ஸ் பகுதிக்குச் சென்றார். போருக்குப்பின் ரோக் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றப்பட்ட டகெல்மா மக்களுள் எஞ்சியோர் சிலர் அங்கு வாழ்ந்தனர். பிரான்சிஸ் ஜான்சன் என்னும் மூதாட்டி கதைகளைச் சொல்லச் சொல்ல, சபீர் ஒலி பிசகாமல் எழுதினார். அப்போது அம்மொழி வினைகளின் இயல்பொன்று அவர் கருத்தை ஈர்த்தது. ஒரு செயல் பலமுறை நிகழ்வதையோ வழக்கமாக நிகழ்வதையோ சுட்டத் தனிச்சொல் வேண்டியதில்லை. வினையடியின் ஒரு பகுதி மீண்டும் ஒலித்தாலே போதும். சிறகு படபடத்தது என்று கேட்கும் நாம், அது ஒருமுறை மட்டும் அசைந்ததாகக் கொள்வதில்லை அன்றோ? நம் மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்களில் மிகுதியாகக் காணப்படும் இவ்வழி, டகெல்மாவில் வினைகளிடையே பரவலாக ஆளப்பட்டது. இரட்டிக்கும் முறையும் ஒன்றன்று, பல. அவற்றை வகைப்படுத்திய இலக்கணமே 1909இல் அவருக்கு முனைவர் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. அம்மூதாட்டியின் தலைமுறையோடு டகெல்மாவின் பேச்சொலி அடங்கிவிட்டது. அவ்வினைகளை இன்று நாம் அறிவது பெரிதும் அந்த ஒரு கோடைக்காலக் குறிப்பேடுகளால்தான்.

பின்னர்க் கனடாவின் ஒட்டாவாவில் 15 ஆண்டுகள் பணியாற்றினார். 1921இல் வெளிவந்த 'மொழி' என்னும் நூலில், இரட்டித்தலை இலக்கண நெறிகளுள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். பன்மை, தொடர்ச்சி, வழக்கம், மிகுதி ஆகியவற்றை உணர்த்த உலகின் பல மொழிகள் இவ்வழியை நாடுகின்றன என அதில் காட்டினார். பழங்குடியினர் மொழிகளைப் பண்படாதவை என எண்ணியோர் மலிந்திருந்த காலம் அது. இலக்கண நுட்பத்தில் அவை எம்மொழிக்கும் தாழ்ந்தவையல்ல என்பதைச் சபீர் சான்றுகளோடு நிறுவினார்.

1931இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு அவரிடம் பயின்ற எமனோ, 1935இல் இந்தியாவிற்கு வந்து, நீலகிரியில் தோடர், கோத்தர் ஆகியோரின் வாய்மொழியைக் கேட்டு எழுதலானார். கோத்தர் கதைகளை எமனோ நூலாக வெளியிடுமுன்பே, 1939 பிப்ரவரி 4 அன்று சபீர் மறைந்தார்.