கம்பிகளை அச்சடித்தவர்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? இங்கு ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ கிடைத்தால், அதைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு அட்டை இருக்கும். அதன் ஒரு பக்கம் முழுவதும் வாய்க்கால்களைப் போலச் செம்புக் கோடுகள் ஓடும். அதுதான் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை. மெக்கானிக்குகள் சுருக்கமாக பி.சி.பி. என்பார்கள். கைப்பேசி, கணினி, டி.வி. எல்லாவற்றிலும் இது உண்டு. இதைக் கொண்டு முதன்முதலில் ரேடியோ செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் பால் ஐஸ்லர்.

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 1907-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஐஸ்லர். 1930-ல் பொறியியல் பட்டம் பெற்றார். ஆனால், யூதர்கள் மீதான வெறுப்பு அங்கே வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. படிப்பு இருந்தும் தகுந்த வேலை கிடைக்கவில்லை. பெல்கிரேடு நகருக்குப் போய், ரயில் பயணிகள் இரைச்சல் இல்லாமல் வானொலி கேட்க வழி செய்யும் பணியில் சேர்ந்தார். அந்த வேலையும் நீடிக்கவில்லை. வியன்னாவுக்குத் திரும்பிப் பத்திரிகைத் துறையில் வேலை பார்த்தார். அச்சுத் தொழிலின் நுணுக்கங்களை அங்கேதான் கற்றார்.

அந்நாளில் ரேடியோவுக்குள் கம்பிகள் நூல்கண்டு சிக்கியதுபோலக் கிடக்கும். ஒவ்வொரு கம்பியையும் தொழிலாளர்கள் கையால் பற்றவைத்தார்கள். ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் ரேடியோ பாடாது. இரண்டு கம்பிகள் தவறாகத் தொட்டுக்கொண்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுக் கெட்டுப்போகும். நூறு ரேடியோவில் நூறு விதமான தவறுகள் வரலாம்.

ஐஸ்லர் யோசித்தார். ஒரே அச்சுத் தகட்டிலிருந்து ஆயிரம் செய்தித்தாள்கள் ஒரே மாதிரி வருகின்றனவே, கம்பிகளையும் அப்படி அச்சடித்தால் என்ன?

1936-ல் அவர் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். லண்டனில் ஒரு விடுதி அறையே அவரது ஆய்வுக்கூடம் ஆனது. மின்சாரம் கடத்தாத அட்டைமேல் மெல்லிய செம்புத் தகட்டை ஒட்டுவது. கம்பிகள் ஓடவேண்டிய பாதையை மையால் அச்சிடுவது. பிறகு செம்பை அரிக்கும் திரவத்தில் முக்குவது. மை இல்லாத இடத்தில் செம்பு கரைந்துபோகும். மைக்கு அடியில் இருந்த செம்பு மட்டும் கோடுகளாக மிஞ்சும். இதுதான் அவர் கண்ட வழி. இப்படி ஒரு ரேடியோவையே செய்துவிட்டார்!

அதைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் காட்டினார். கம்பி பற்றவைக்கும் பெண்களுக்குக் கொடுக்கும் கூலி இதைவிடக் குறைவுதான் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

1940-ல் இன்னொரு சோதனை. போர் நடந்துகொண்டிருந்ததால், எதிரி நாட்டிலிருந்து வந்தவர் என்று பிரிட்டிஷ் அரசு அவரைக் காவலில் வைத்தது. விடுதலையான பிறகு லண்டனில் ஓர் அச்சு நிறுவனம் அவருக்கு வேலை கொடுத்தது. அங்கே ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார் ஐஸ்லர். கண்டுபிடிப்பின் உரிமையைப் பெயரளவுக்கு ஒரு பவுண்டுக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் இருந்தது! 1943-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அதே போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் பீரங்கிக் குண்டின் தலையில் ஒரு சிறு வானொலிக் கருவியை வைத்தார்கள். குண்டு பாயும் அதிர்ச்சியைத் தாங்கும் உறுதி அதற்குத் தேவைப்பட்டது. அச்சிட்ட சுற்றுகளின் அருமை அப்போது புரிந்தது. 1950-களில் ரேடியோ, டி.வி. பெட்டிகளுக்குள்ளும் அவை புகுந்தன.

ஆனால், அச்சடிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அச்சுத் தகட்டில் ஒரு பிழை இருந்தால், அது எல்லாப் பலகைகளிலும் வந்துவிடும். அரிக்கும் திரவத்தில் அதிக நேரம் கிடந்தால் கோடு மெலிந்து அறுந்துபோகும். குறைந்த நேரம் கிடந்தால் மிச்சச் செம்பு இரண்டு கோடுகளை இணைத்துவிடும். அதனால் இன்று தொழிற்சாலைகளில் பலகைகளைக் கேமராவால் படம் பிடித்துச் சரிபார்க்கிறார்கள். ஊசிகள் நிறைந்த ஆணிப் படுக்கைமேல் வைத்து, ஒவ்வொரு கோட்டிலும் மின்சாரம் ஓடுகிறதா என்றும் சோதிக்கிறார்கள்.

வீட்டில் பலகை செய்து பழகும் அண்ணன், அக்காக்களும் இதைச் செய்யலாம். முதலில் பலகையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கவேண்டும். பிறகு மூன்று வோல்ட் பட்டன் பேட்டரியையும் சிறு சிவப்பு எல்.இ.டி. விளக்கையும் வரிசையாக இணைத்து, இரு முனைகளால் ஒரு கோட்டின் இரு நுனிகளைத் தொடவேண்டும். விளக்கு எரிந்தால் கோடு அறுபடவில்லை. சேரக்கூடாத இரண்டு கோடுகளைத் தொடும்போது எரிந்தால், அங்கே குறுக்குச் சுற்று! பாகங்கள் பொருத்தாத வெறும் பலகையில்தான் இதைச் செய்யவேண்டும். வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது.

ஐஸ்லரின் கதை என்ன ஆனது? 1963-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. மெல்லிய உலோகத் தகட்டால் வீட்டுச் சுவரைச் சூடாக்கும் முறை உட்படப் புதுப்புதுக் கண்டுபிடிப்புகளில் இறங்கினார். 1992-ல் லண்டனில் மறைந்தார்.

சுற்றில் ஒரு கோடு அறுந்தாலும் கருவி நின்றுவிடும் என்று அறிந்தவர், தன் ஒப்பந்தத்தை மட்டும் ஒருமுறை படித்துப் பார்க்கவில்லை. நீங்கள் பலகை செய்தாலும் சரி, பரீட்சை எழுதினாலும் சரி, கொடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.