வேலையாளின் மனமறிந்த முதலாளி

தொழிலொன்று செழிப்பது முதலினால் மாத்திரமன்று. அதிலே உழைப்போரின் மனநிறைவினாலுமாகும். இவ்வுண்மையைச் செய்கையிற் காட்டிய ஜம்ஷெட்ஜி டாட்டாவின் வரலாற்றை நம் இளைஞர்க்கு ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அன்னார் 1839ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆந் திகதி குஜராத்திலுள்ள நவசாரியிலே பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1874இல் பதினைந்து இலட்சம் ரூபா முதலுடன் கம்பனியொன்றைத் தொடங்கினார். அதன் பயனாக நாகபுரியில் எழுந்த எம்பிரஸ் பருத்தியாலை 1877 சனவரி முதலாந் திகதி இயங்கத் தொடங்கிற்று. அதனை நடத்த அவர் தெரிந்தெடுத்தவர் புகையிரதச் சரக்குப் பகுதியிற் கடமையாற்றிய பெசன்ஜி மேத்தா. நெசவுத்தொழில் அறியாத அவரிடம் திறமையைக் கண்டு பெரும் பொறுப்பை ஒப்படைத்தார். அந்நம்பிக்கை வீண்போகவில்லை.

ஆலையிலே வேலைக்கு ஒழுங்காக வாராதோர் பலர். அவர்களைத் தண்டிப்பதை விடுத்து, வருவதற்கு விருப்பமுண்டாக்கும் வழியை ஜம்ஷெட்ஜி நாடினார். புழுக்கத்தைத் தணிக்கக் காற்றோட்டக் கருவிகளை அமைத்தார். தொழிலாளரின் குடும்பத்தினரையும் அழைத்து விளையாட்டு விழாக்கள் நடத்திப் பரிசுகள் வழங்கினார். 1886இல் ஓய்வூதிய நிதியும், 1895இல் விபத்துக்குள்ளானோர்க்கு நட்டஈடும் ஏற்படுத்தினார். ஆலையும் நல்ல இலாபமீட்டி வளர்ந்தது.

அக்காலத்து ஆலைகளில் வேலைநேரம் மிக நீண்டது, கூலியும் சொற்பம். எம்பிரஸ் ஆலையும் சுவர்க்கமன்று. ஆயினும், விபத்து நட்டஈட்டுச் சட்டம் இந்தியாவில் 1923இலும் இலங்கையில் 1934இலுமே வந்தது. நமது ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலே தோன்றியது. சட்டம் வற்புறுத்துமுன் தாமாகவே செய்தமை அன்னாரின் பெருமையாகும்.

1904 மே மாதம் 19ஆந் திகதி அவர் ஜேர்மனியிற் காலமானார். அவரைப்போலப் பேராலை நடத்துவோர் நம்முள் மிகச் சிலரே. ஆயினும் கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடையோ அச்சகமோ தையலகமோ நடத்தும் இளைஞர் பலர் உளர். ஆயிரவர்க்கு நிதி வேண்டும். ஐவர்க்குச் செவி போதும். ஐந்து பேருடைய பெயரையும், வீட்டு நிலையையும், கைத்திறனையும் அறிவது அரிதன்று. ஒருவர் வேலைக்கு வாராதபோது சம்பளத்தை வெட்டுமுன், ஏன் வரவில்லையென்று அன்புடன் கேட்போமாக. பிள்ளைக்குக் காய்ச்சலென்று தெரிந்தால் அன்றைய வேலையை நாமே பகிர்ந்து செய்யலாம். அவ்வாறு ஆதரிக்கப்பட்டவர் மறுநாள் மனமொன்றி உழைப்பார். வேறிடத்திற் சிறிது கூடுதலாகத் தருவதாகச் சொன்னாலும் எளிதில் நம்மை விட்டகலார்.