பிம்பத்தின் பிழை களைந்த பேரறிஞர்

தஞ்சைத் தரணியின் வயல்களுக்குள் கிளைபிரிந்து இறங்குமுன் காவிரி திருச்சிராப்பள்ளியைத் தொட்டுச் செல்கிறது. அந்நகரின் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்பு வகுப்பு பயின்று, 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்மை பெற்றுத் தேறிய இளைஞர் ஒருவரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் ஜி.என். இராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சென்றவரைச் சர் சி.வி. இராமன் தம் இயற்பியல் துறைக்கு ஈர்த்துக் கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று மீண்டார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார். கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருள், 1963இல் வெளியான இராமச்சந்திரன் வரைபடம் ஆகியவற்றை அறிவியல் மாணவர் அறிவர். அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. நாம் சொல்ல வந்தது, அதிகம் பேசப்படாத மற்றொன்று.

எக்ஸ் கதிர்ப் படம் என்பது நிழலே. முன்னும் பின்னுமுள்ள எலும்பும் தசையும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் விழுகின்றன. பல கோணங்களில் நிழல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உள்ளுருவம் தோன்றும். ஆனால் மங்கலாகவே தோன்றும். ஒரு வயலுக்கென விட்ட நீர் வரப்புடைத்து அண்டை வயல்களிலும் பரவுதல் போல, ஒரு புள்ளிக்குரிய அளவு சுற்றிலும் கசிந்துவிடும். இப்பிழையைக் களைய ஃபூரியர் உருமாற்றம் என்னும் கணித வழி இருந்தது. அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை.

1971இல் இராமச்சந்திரனும் ஏ.வி. இலட்சுமிநாராயணனும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். நிழலைப் பரப்பிய பின் திருத்துவதன்று அவர்கள் வழி, பரப்புமுன்பே திருத்துவது. நிழலின் ஒவ்வோர் அளவையும் ஓர் எண்தொடரோடு பிணைக்க வேண்டும். அத்தொடரின் நடுவில் நேர்ம எண். இருபுறமும் ஒற்றை இடங்களில் குறைந்துகொண்டே செல்லும் எதிர்ம எண்கள். இரட்டை இடங்களில் சுழி. கசியவிருப்பதை அந்த எதிர்ம எண்கள் முன்கூட்டியே ஈடுசெய்துவிடும். பெருக்கலும் கூட்டலும் போதும்! எக்ஸ் கதிர்ப் படங்களுக்கு மட்டுமன்றி எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கும் இம்முறையை அவர்கள் எடுத்துரைத்தனர். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வில்லைப் பிழையை வெல்லவே 1948இல் டென்னிஸ் காபர் ஹாலோகிராம் முறையை வெளியிட்டார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. இன்று எண்முறை ஹாலோகிராம் நுண்ணோக்கியால் உயிரணுவைப் பல கோணங்களில் பதிந்து, கருவியின் பிழைகளைக் கணினியில் நீக்கி முப்பரிமாண உருவம் எழுப்புவோர்க்கும் இவ்வழி ஓர் எளிய முதற்படியாக உதவுகிறது.

அதே 1971இல்தான் இலண்டனில் சி.டி. கருவியால் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு முதலில் வேறு கணக்கு முறையையே கையாண்டார். அடுத்து வந்த கருவிகள் நிழலை முன்பே திருத்தும் வழிக்கு மாறின. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் கிட்டியது. நம்மவர் வஞ்சிக்கப்பட்டார் என்று முழங்குவாருடன் நாம் உடன்படோம். கார்மாக்கின் கணிதம் 1963, 1964ஆம் ஆண்டுகளிலேயே வெளிவந்தது. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இலேயே இதனையொத்த வழியைக் கண்டிருந்தனர். எனினும் மருத்துவப் படிமக் கணக்கில் அவ்வடிகட்டி இராம்–லாக் என்றே வழங்குகிறது. இலட்சுமிநாராயணன் பெயரும் அதில் சரிபாதியாக நிற்பது நமக்கு உவகை தருகிறது; வழிகாட்டியின் பெயரே நிலைத்து மாணவர் பெயர் மறைவதுதானே உலக வழக்கம்!

1977இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. முதுமையில் நடுக்குவாத நோய் வருத்தியது; 1998இல் துணைவியாரையும் இழந்தார். 1999இல் படிகவியலுக்கான எவால்டு பரிசு வந்தது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார். அண்மைக் கருவிகள் வேறு கணக்கு முறைகளையும் கைக்கொள்கின்றன. ஆயினும் பொறியியல் மாணவர் இப்பாடத்தைத் தொடங்கும்போது, கணினியில் முதலில் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பழைய எண்தொடரைத்தான்.