சேவைக்கே பதவி: ராஜகுமாரி அமிர்த கௌர் அம்மையார்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் மத்திய அமைச்சரவை 1947 ஆகஸ்டில் பொறுப்பேற்றபோது அதில் இடம்பெற்ற ஒரே பெண்மணி ராஜகுமாரி அமிர்த கௌர். 1957 வரை பத்து ஆண்டுகள் சுகாதார அமைச்சராக அவர் ஆற்றிய பணி, நம் பூந்தமல்லிப் பகுதி இல்லங்கள் வரை வந்து சேர்ந்த பணியாகும். ஆகவே அவரது வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

அம்மையார் லக்னோவில் பிறந்தவர். தந்தையார் ராஜா ஹர்நாம் சிங், கபுர்தலா அரச குடும்பத்தவர். கிறிஸ்தவ மறையைத் தழுவியவர். மகளை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அரண்மனைச் சுகத்தோடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1919இல் காந்தியடிகளைச் சந்தித்தது அவரது வாழ்வின் போக்கையே மாற்றியது. பெற்றோர் மறைந்தபின் சேவாகிராம ஆசிரமத்தில் எளிய வாழ்வை ஏற்று, பல்லாண்டுகள் அண்ணலின் செயலாளராக உழைத்தார். 1927இல் அகில இந்திய மாதர் மாநாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவர். விடுதலைப் போரில் சிறையும் சென்றார்.

அவர் அமைச்சரான காலத்தில் மலேரியாவும் காசநோயும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான உயிர்களைப் பறித்தன. காசநோய் கண்ட வீட்டை அயலார் அஞ்சி ஒதுக்கினர். சானடோரியப் படுக்கை எல்லா ஏழைகளுக்கும் கிடைக்கவில்லை. இந்நிலையில் 1948இல் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் பி.சி.ஜி. தடுப்பு மருந்துக் கூடம் அமைந்தது. அங்கிருந்து நாடெங்கும் மருந்து சென்றது. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், நோயாளி தம் வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொண்டு குணமடைய முடியும் என்பதைச் சில ஆண்டுகளில் உலகுக்கு மெய்ப்பித்தது. கூலிக்குச் செல்லும் தந்தைக்கும், கைக்குழந்தையை விட்டுப் பிரிய இயலாத தாய்க்கும் இது எத்தகைய ஆறுதல்!

எதிர்ப்பும் எழாமல் இல்லை. 1955இல் மூதறிஞர் ராஜாஜி, நலமுள்ள பிள்ளைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்தலாகாது என்று பி.சி.ஜி. இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். இருவருமே காந்தியடிகளின் அன்பர்கள். நம் மாநிலப் பெற்றோர் பலர் கலங்கினர். அம்மையாரோ மருத்துவ வல்லுநர்களின் முடிவை நம்பி, திட்டத்தைக் கைவிடாமல் நடத்தினார்.

யார் கூறியது சரி? இதற்கு விடை தேடிய பெரும் ஆய்வு 1968இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், நம் திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களில் தொடங்கி 15 ஆண்டுகள் நடைபெற்றது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று அதில் தெரியவந்தது. எனினும், குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதை வேறு ஆய்வுகள் காட்டின. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடப்படுகிறது. அம்மையார் எதிர்பார்த்த அளவுக்கு அவ்வூசி பயன் தரவில்லை. ஆயினும் அவர் காக்க விரும்பிய குழந்தைகளை அது காத்து வருகிறது.

1950இல் உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணி என்ற சிறப்பும் அவருக்கு உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் டில்லியில் உருவான அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் அவரது அயரா முயற்சியின் கனி. அதற்காக நியூசிலாந்து முதலிய நாடுகளிடம் உதவி பெற்றார். சிம்லாவிலிருந்த தம் குடும்ப மாளிகையையும் அக்கழக ஊழியரின் ஓய்வு இல்லமாக வழங்கினார். அமைச்சர் பதவி நீங்கியபின் 1964இல் மறையும்வரை மாநிலங்களவையில் பணிபுரிந்தார்.

அரச மகளாய்ப் பிறந்து, கையிலிருந்த வீட்டையும் பிறருக்கே ஈந்து மறைந்தார். பொதுப்பணியில் ஈடுபட விரும்பும் நம் பங்கின் இளம் பெண்கள் அவரது வாழ்வைக் கற்றறிய வேண்டுமென விரும்புகிறோம். நம் பிள்ளைகளின் இடது தோளில் காணும் அச்சிறு தழும்பு, அம்மையாரை நமக்கு நினைவூட்டட்டும்.